விக்கலோடு ஒரு பிரசங்கம்

"இந்த வெட்கம் போறதுக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா. அது போனாத்தான் நான் கல்யாணத்துக்குப் போவ முடியும்."

கேட்ட பேச்சிமுத்துவுக்கு அறுபது வயது. மடத்து மங்கையம்மாவுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. இருந்தாலும் அவர்தான் சிஷ்யர், இந்தம்மாதான் குரு.

கல்யாணம் அவருடைய அண்ணன் மகளுக்கு. இன்றைக்கு, அடுத்த தெரு மண்டபத்தில்.

பத்து வருஷத்துக்கு முன்னால், அண்ணன் வீட்டு விருந்தில் தனக்கு மட்டும் உடைந்த அப்பளம் வைத்தார்கள் என்று இலையை விட்டு எழுந்துபோன மகானுபாவர் இவர். போகிற போக்கில் அண்ணியையும் ஏதோ சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. இப்போது அண்ணனே பத்திரிகை அனுப்பியிருந்தார்.

"மனசு கெடந்து அடிச்சுக்கிடுதும்மா. நான் தூக்கி வளத்த புள்ள. ஆனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

"இருக்கிற மூஞ்சியத்தான். விக்."

அம்மாவுக்குக் காலையிலிருந்து விக்கல்.

"தண்ணி குடிங்கம்மா."

"குடிச்சாச்சு. விக்."

"மூச்சப் பிடிச்சுப் பாருங்க."

"பாத்தாச்சு. விக்."

"ஒரு வாய் சீனி?"

"டப்பா காலி அண்ணாச்சி."

கூடத்தில் ஜனங்கள் பிரசங்கத்துக்குக் காத்திருந்தார்கள். அம்மா எழுந்தார்.

"விக்கலோடவா? அது நிக்கட்டும்மா. சிரிப்பாங்க."

அம்மா போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

"இறைவன், விக், எங்கும், விக், நிறைந்தவன்."

பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மாவுக்கு முகம் சிவந்துபோனது. பேச்சை நிறுத்தவில்லை.

போன மாசம் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி முன்வரிசையில் இருந்தாள். முடிந்ததும் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதக் கேக்கத்தான் வந்தேன் தாயி," என்று அழுதாள்.

அம்மா திரும்பி வந்தார்.

"விக்கல் நின்னுட்டுதாம்மா?"

"இல்ல. விக்."

"சிரிச்சாங்களே."

"நல்லாவே சிரிச்சாங்க. விக். முகூர்த்தம் எத்தன மணிக்கு அண்ணாச்சி?"

பேச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மண்டப வாசலில் அண்ணன் நின்றிருந்தார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்ல கை இப்படி நடுங்குது?"

"அது பாட்டுக்கு நடுங்கட்டும்ணே. புள்ள எங்க?"