பறை காய்ச்சும் நேரம்

அருமைநாயகம் முப்பத்தைந்து வருஷம் இயற்பியல் வாத்தியார். ஓய்வு பெற்ற கையோடு பறை கற்க வந்தார். ஆசான் செங்கொடிக்கு வயது முப்பத்தாறு. பிளஸ் டூவில் இவரிடம் படித்து, இவர் பாடத்திலேயே பெயிலானவள்.

முதல் நாளே கேட்டார்.

"ஆசானே, தோலை எத்தனை நிமிஷம் தீயில காட்டணும்?"

"காஞ்சதும் எடுங்க சார்."

இது ஒரு பதிலா? அவர் நோட்டுப் போட்டார். காற்றின் ஈரம், வைக்கோலின் எடை, காட்டிய நிமிஷம், அடித்தால் எழும் அதிர்வெண். மூன்று மாதம் எழுதினார். ஈர நாளுக்கு மூன்று நிமிஷம் என்று முடிவாயிற்று. ஒருமுறைகூடத் தப்பவில்லை.

அன்று சாயங்காலம் அவருக்கு முதல் மேடை. காலையில் கொட்டிய மழையில் வைக்கோல் நனைந்துபோயிற்று. குழுவில் மூத்தவன் சூசை எங்கிருந்தோ காய்ந்த பனையோலை இழுத்து வந்து தீ மூட்டினான்.

வைக்கோல் தீயைவிட உக்கிரமாகத் தீ குப்பென்று எழுந்தது. மற்றவர்கள் பறையைக் காட்டினார்கள், தட்டிப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அருமைநாயகம் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"சார், பறையா காய்ச்சுறீங்க, அப்பளம் சுடுறீங்களா? எடுங்க!" என்றான் சூசை.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்குப்பா."

விரல் முன்பே எரியத் தொடங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

படாரென்று தோல் கிழிந்தது.

புளியங்கொட்டைப் பசை காய்ச்சி அவரே தோல் ஒட்டிய பறை. அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். மேடைக்கு அரைமணி நேரம்.

"கணக்கு சரிதான்" என்றார், யாரும் கேட்காமலே. "வைக்கோலா இருந்திருந்தா..."

செங்கொடி பறையைப் பார்க்கவே இல்லை.

"கையைக் காட்டுங்க."

நீட்டினார். மூன்று விரல்களில் கொப்புளம்.

"எப்பச் சுட்டுச்சு?"

"ஒன்றரை நிமிஷத்திலேயே."

"ஏன் எடுக்கலை?"

"நோட்டுல மூணு..." நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நான் பெயிலா?"

"பரீட்சை இன்னும் முடியல சார்."

தன் பறையைத் தோளிலிருந்து கழற்றி அவரிடம் நீட்டினாள். பதினைந்து வருஷமாக அவள் வேறு யார் கையிலும் கொடுக்காதது.

"காய்ச்சுங்க. மேடையிலும் நீங்களே அடிங்க. எனக்கு ஜால்ரா போதும்."

"அக்கா!" என்று சூசை பதறினான். "அதுவும் போச்சுன்னா நாம எல்லாரும் ஜால்ராதான்!"

"நீ ஓலையைப் போடுடா."

ஓலை பற்றிக்கொண்டது. அருமைநாயகம் பறையை வாங்கினார். தீக்குப் பக்கத்தில் போகவே தயங்கினார்.

"ஆசானே, இதுவும் கிழிஞ்சிட்டா?"

"கிழியாது சார். இப்பத்தான் உங்க விரல் எரியுதே."