ஆறாவது கருவி

நிலநடுக்க ஆய்வு மையத்தில் சடையாண்டிக்கு வேலை கிடைத்தபோது வெள்ளக்கரடு ஊரே சிரித்தது. இருபது வருஷம் குவாரியில் பாறைக்கு வெடி வைத்த மனுஷன், இனிமேல் பூமி அதிர்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கப் போகிறாராம். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

மையத்தின் பொறுப்பாளர் மங்கையர்க்கரசி. சடையாண்டியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூடப் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் சடையாண்டி அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் அவரை அண்ணே என்பார்.

ஆறு வருஷத்தில் சடையாண்டி கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. சுற்று வட்டாரத்தில் ஆறு இடங்களில் கருவிகள் புதைத்திருந்தார்கள். அவை அனுப்பும் கோடுகளை அவர் படிக்கிற வேகத்துக்குப் பட்டம் வாங்கிவிட்டு வந்த பிள்ளைகளால் ஈடுகொடுக்க முடியாது. அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்து வாங்கிய கர்வம்தானே.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவர் பாடம் நடத்துவது தனி அழகு.

"வெடின்னா எல்லாரையும் வெளிய தள்ளும்ப்பா. ஒருத்தரையும் கிட்ட இழுக்காது. அதனால ஆறு கருவியிலயும் கோடு முதல்ல மேல ஏறும். பூமி தானா நழுவுனா அப்படியில்ல. சில பக்கம் தள்ளும், சில பக்கம் இழுக்கும். இழுத்த பக்கம் கோடு முதல்ல கீழ இறங்கும். அந்த மொத அடியைப் பாரு, மத்ததெல்லாம் பெறகு."

வியாழக்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு வெள்ளக்கரடு குலுங்கியது. அறுபது வீடுகளில் விரிசல். பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் புளிய மரத்தடியில் மதியச் சாப்பாட்டில் இருந்தார்கள். அதனால் பிழைத்தார்கள்.

குவாரியில் வெடி வைக்கிற நேரமும் அதுதான். ஒன்பது வருஷமாக அந்தக் குவாரியை மூடச் சொல்லி ஊர் போராடிக்கொண்டிருந்தது. குவாரிக்காரர்களோ, அன்றைக்கு நாங்கள் வெடிக்கவே இல்லை, அது நிலநடுக்கம் என்று சாதித்தார்கள். பொய்யே சொல்லிப் பழகிய வாய் அது. யார் நம்புவது?

சனிக்கிழமை காலை கலெக்டர் முன்னால் விசாரணை. மையத்தின் அறிக்கை எதைச் சொல்கிறதோ அதுதான் முடிவு. வெடி என்றால் குவாரிக்குப் பூட்டு. பூட்டு விழுந்த மறுநாளே சுவரைப் பழையபடி எழுப்பிப் பிள்ளைகளை உட்கார வைத்துவிடலாம் என்று ஊர் கல்லும் மண்ணும் சேர்த்து வைத்துவிட்டது. சடையாண்டியும் தங்கச்சி பேச்சியம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். "நான் இருக்கேன்ல. போய்த் தூங்கு."

வெள்ளிக்கிழமை காலையில் அவர் டீச்சரின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் அறிக்கை. கோடு படித்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பாளர் என்ற இடத்தில் டீச்சர்.

"ஒரு கேள்வி டீச்சர். ஆறு பேருல அஞ்சு பேரு ஒண்ணு சொல்றான். ஒருத்தன் மட்டும் மாத்திச் சொல்றான். அவனை என்ன செய்யலாம்?"

"யாருண்ணே அவன்?"

"ஆனைமேட்டுக் கருவி. மத்த அஞ்சும் மேல போகுது. அது மட்டும் கீழ போகுது."

"அப்ப வெடி இல்லையேண்ணே."

"அதுதான் இல்ல. வெடிதான்." சடையாண்டி குரலைத் தாழ்த்தினார். "தப்பு என் மேல டீச்சர். ரெண்டு மாசம் முன்னாடி அங்க எலி ஒயரைக் கடிச்சுப் போட்டுச்சுல்ல. நான்தான் பத்தவச்சேன். செவப்பையும் கருப்பையும் மாத்திக் குடுத்துட்டேன் போல. ஒயர் மாறிட்டா மேல போறது கீழ தெரியும். என் கைத் தப்பு. ஒத்துக்கிறேன்."

ஆறு வருஷத்தில் அவர் ஒரு தப்பையும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில்லை. டீச்சர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மத்த அடையாளமெல்லாம் என்ன சொல்லுதுண்ணே?"

"குவாரியும் அதிர்ந்த இடமும் பக்கம் பக்கம். மத்ததெல்லாம் ரெண்டு பக்கமும் பேசுது. இந்த ஒண்ணுலதான் இருக்கு."

டீச்சர் அறிக்கையை மடித்துப் பையில் வைத்தார். மடிக்கணினியை எடுத்தார்.

"மாத்திச் சொல்றவனை என்ன செய்யலாம்னு கேட்டீங்கள்ல? வீட்டுக்கே போய்ப் பாத்துட்டு வரலாம். வண்டியை எடுங்கண்ணே."

ஆனைமேட்டில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. குழியின் இரும்பு மூடியைச் சடையாண்டி தூக்கி நகர்த்தினார். அடியில், பாறை மேல் போட்ட சிமெண்டுத் தளத்தில், செம்பு உயரத்துக்கு அந்தக் கருவி உட்கார்ந்திருந்தது. டீச்சர் மடிக்கணினியைத் திறந்தார். கருவியின் கோடு திரையில் நேராக ஓடியது.

"கருவியை ரெண்டு கையாலயும் பிடிச்சு லேசாத் தூக்குங்கண்ணே. ஒரு விரல்கடை போதும்."

சடையாண்டி குழியில் இறங்கினார்.

"இருங்க. தூக்குறதுக்கு முன்னாடி சொல்லிருங்க. கோடு எந்தப் பக்கம் போகும்?"

"ஒயரை மாத்திக் குடுத்திருக்கேன். கீழதான் போகும்."

"தூக்குங்க."

தூக்கினார். கோடு மேலே போனது.

அவர் திரையைப் பார்த்தார். கருவியை வைத்துவிட்டு மறுபடி தூக்கினார். மேலே போனது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, மூன்றாம் தடவை வெகு மெதுவாகத் தூக்கினார். கோட்டுக்கு என்ன வந்தது, அது பாட்டுக்கு மேலே போனது.

"நல்லாத்தான் பத்தவச்சிருக்கீங்கண்ணே" என்றார் டீச்சர். "கையில தப்பு இல்ல."

வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த வார்த்தையை அவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார். அன்றைக்கு அது அவரைக் குழிக்குள்ளேயே உட்கார வைத்தது. ஒன்பது வருஷப் போராட்டம் அவர் மடியில் வந்து விழுந்த மாதிரி இருந்தது. தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பது?  

கீழே வெள்ளக்கரடு தெரிந்தது. மேற்குச் சுவர் இல்லாத பள்ளிக்கூடம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஊர் சேர்த்து வைத்த கல் குவியல். அந்தப் பக்கம் குவாரியின் வெள்ளைப் பள்ளம்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"இந்தக் கருவியோட ஒயரை மாத்த எனக்கு ரெண்டு நிமிசம் ஆகும். மாத்திட்டா, முன்னாடியே மாறித்தான் இருந்துச்சுன்னு நினைச்சுக்குவாங்க. யாருக்கும் தெரியாது."

"ஆமாண்ணே. யாருக்கும் தெரியாது."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தார். டீச்சர் குழியின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அவங்க என்னைக்காவது உண்மை எழுதியிருக்காங்களா டீச்சர்? என் தம்பி காளிராசு செத்தப்ப என்ன எழுதுனாங்க தெரியுமா? வெடிக்காம நின்ன வெடிமருந்து, அவன் கிட்டப் போனதும் வெடிச்சுச்சு. நான் கண்ணால பாத்தேன். பாம்பு கடிச்சுச் செத்தான்னு எழுதுனாங்க. அந்தக் காகிதம் இன்னும் என் பெட்டியில இருக்கு."

"யாரு கையெழுத்துப் போட்டது?"

"குவாரி டாக்டரு."

"மோசமான ஆளாண்ணே?"

சடையாண்டி யோசித்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இல்ல. தங்கமான மனுசன். என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதாரு."

"அப்புறம் ஏன் அப்படி எழுதுனாரு?"

"வெடியில செத்தான்னு எழுதுனா குவாரியை இழுத்து மூடிருவாங்க, நூறு குடும்பம் பட்டினி கிடக்கும்னாரு. எங்க குடும்பமும் அதுல ஒண்ணு. நானும் பேசாம இருந்துட்டேன்."

"அதுக்கப்புறம் அந்த மருந்து ஏன் நின்னு வெடிச்சுச்சுன்னு யாராவது போய்ப் பாத்தாங்களா?"

"பாம்பு கடிச்சதுக்கு மருந்தை எதுக்குப் பாக்கப் போறாங்க?" சடையாண்டியின் குரல் ஏறியது. "மறு வருசம் அதே மருந்து, அதே மாதிரி நின்னுச்சு. இன்னும் ரெண்டு பேரு…"

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.

காற்று இல்லை. திரையில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. சடையாண்டி கீழே பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பழைய சுவரையே மறுபடி எழுப்பக் காத்துக் கிடந்த கல் குவியலைப் பார்த்தார். அந்தச் சுவரடியில்தான் பிள்ளைகள் மறுபடி உட்காருவார்கள்.

டீச்சர் பையிலிருந்து அறிக்கையை எடுத்து மடிப்பைப் பிரித்தார். காரணம் என்ற இடம் இன்னும் காலியாக இருந்தது. பேனாவைத் திறந்து குழிக்குள் நீட்டினார்.

"பாம்புன்னு எழுதிரலாமாண்ணே?"