அடுப்பு ஏறாத குளத்துத் தண்ணீர்

கேளுங்கள். குறுக்கே பேசினால் எனக்குக் கோபம் வரும். கடைசியில் தீர்ப்புச் சொல்லப் போவது நீங்கள்தான்.

ஏழுபனைமேட்டில் ஒரே ஒரு அடிபம்பு. தண்ணீர் சோதிக்கும் ஊழியன் ஒருவன் வந்தான், அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தான். "இதுல ஆர்சனிக் விஷம் இருக்கு. பாத்திரம் கழுவுங்க, குடிக்காதீங்க" என்றான். பக்கத்தில் நின்ற ஐந்து வயது அஞ்சலை, "மாமா, அப்ப எந்தத் தண்ணி குடிக்கிறது?" என்று கேட்டாள். அவன் அவள் கன்னத்தைத் தட்டினான். தன் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று பைக்கில் ஏறிப் போய்விட்டான்.

அஞ்சலையின் அம்மா குயிலி. பெரியம்மா பவளக்கொடி. ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே பிள்ளை, இருவருக்கும் அவள்தான் உயிர்.

பவளக்கொடி பம்புத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்தாள்.

"கொதிச்சா எந்த விஷமும் போயிடும். பிள்ளைக்கு இதையே குடுடீ."

"சிவப்பப் பாத்தாலே பயமா இருக்குக்கா" என்றாள் குயிலி. "நான் அம்மன் குளத்துல மொண்டுக்கறேன்."

எருமைகள் விழுந்து கிடக்கும் குளம்தான்.

"அப்ப அதையாவது காய்ச்சு."

"ஐயையோ! அம்மன் தண்ணிய அடுப்புல ஏத்தினா குடும்பம் விளங்குமா?"

அந்த ஊரில் அப்படி ஒரு கட்டு. பவளக்கொடியும் பயந்து தன் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலாம் நாள் அஞ்சலைக்கு வாந்தி, பேதி. தண்ணி தண்ணி என்று தவித்தவளுக்குக் குயிலி அதே குளத்துத் தண்ணீரையே ஊட்டினாள். மறுநாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டது.

இப்போதும் உச்சிவெயிலில் அந்தப் பம்பின் கைப்பிடி தானாக ஏறி இறங்குகிறதாம். தண்ணீர் வருவதில்லை. "அப்ப எந்தத் தண்ணி?" என்ற குரல்தான் வருகிறதாம்.

இப்போது சொல்லுங்கள். விஷத்தைக் காய்ச்சிய பவளக்கொடியா, குளத்துத் தண்ணீரைக் காய்ச்சாத குயிலியா, பெயிண்ட் அடித்துவிட்டுப் போன ஊழியனா? அந்தச் சாவு யார் தலையில்?

விடை: பெண்களை விடுங்கள். ஆர்சனிக் கொதித்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது ஏறத்தான் செய்யும். குளத்துக் கிருமியோ கொதித்தால் செத்துவிடும். அந்த வீட்டில் அடுப்பு எரியத்தான் எரிந்தது, ஆனால் தப்பான பானைக்கு அடியில். அது அவர்களுக்குத் தெரியாது. ஊழியனுக்குத் தெரியும். பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்ல இரண்டு நிமிஷம் போதும், அவன் நிற்கவில்லை. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தப் பெயிண்ட் டப்பா என் வீட்டில்தான் இருக்கிறது. பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் அவள் "மாமா" என்கிறாள். நான் குடிக்காமல் மூடி வைத்துவிடுகிறேன்.