தம்புராவுக்குத் திறந்த கத்தரிப்பூ

சிங்கமங்கலம் ஜமீன்தாருக்கு விடியற்காலைச் சங்கீத சாதகம்தான் உயிர். கத்தரித் தோட்டத்துக் கருவண்டுகளின் ரீங்காரம் சுருதியைக் கெடுக்கிறதென்று, தினமும் புகை போட்டு அவற்றை விரட்டச் சொன்னார். அந்த மாதம் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது.

தோட்டக்காரி சடச்சியைக் கூப்பிட்டார். "வண்டு வராமலே காய் காய்க்கணும். முடியாவிட்டால் தோட்டத்தை விட்டுப் போ!"

"முடியும் எசமான். உங்க தம்புராவை மட்டும் இங்கே கொண்டுவரச் சொல்லுங்க."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். தம்புரா வந்தது. சடச்சி செடியிலிருந்த ஒரு பூவைத் தம்புராவின் மரத்தோடு சேர்த்துப் பிடித்து, "மீட்டுங்க" என்றாள். ஜமீன்தார் மீட்டினார். பூவுக்குள்ளிருந்து மஞ்சள் தூள் புகைபோல் கிளம்பி அவர் கையில் படிந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

"இந்தப் பூ மகரந்தத்தை உள்ளே பூட்டி வச்சிருக்கு எசமான். கருவண்டு கவ்விப் பிடிச்சு அதிர்ந்தாத்தான் தூள் கொட்டும், காய் பிடிக்கும். வண்டு வேண்டாம்னா தினமும் நீங்கதான் மீட்டணும். இன்னிக்கு எண்ணூறு பூ மலர்ந்திருக்கு."

ஜமீன்தார் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "புகையை நிறுத்துங்கள்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த வண்டுக்கு இந்தச் சுருதியை யார் சொல்லிக்கொடுத்தது?"

"தெரியலையே எசமான். நானும் தினம் வேலையை விட்டுட்டு அதைத்தான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்."