கரையை நேராக்கிய சித்திரக்காரன்

கிறுக்கா? அதெல்லாம் இல்லப்பா. கிறுக்கனா இருந்தா ஊரெல்லாம் சுத்தி வரைஞ்சிருப்பான். மருதப்பன் வரைஞ்சது ஒரே இடத்தைத்தான்.

சொல்றேன், கேளுங்க. பேர் மறந்துபோன ஒரு ராசா ஆண்ட காலம். கோயில் சுவத்துல சாமி படம் எழுதுற சித்திரக்காரன் மருதப்பன். வேலை இல்லாத நாள்ல பலகையைத் தூக்கிக்கிட்டுப் பாறை மேல ஏறிடுவான். எதிர்ல ஏரி, ஏரிக்கரை, கரைக்குக் கீழ நாப்பது குடிசை. வரைவான். பிடிக்காது. மறுநாள் இன்னொரு பலகையோட வருவான்.

"நேத்து இருந்த ஏரிதானே இன்னைக்கும் இருக்கு?" என்பா பொண்டாட்டி காத்தாயி.

"அதைத்தான் பாத்துட்டு வரப் போறேன்" என்பான்.

ஒரு அடைமழை மாசம். ஏரி தளும்புது. மழை விட்டதும் வரைஞ்சான். படத்துல கரை ஒரு இடத்துல லேசாத் தொங்குச்சு. கையைத் திட்டிட்டு, அது மேலயே காவியைப் பூசி நேராக்கினான்.

ரெண்டாம் நாளும் அதே இடம் தொங்குச்சு. கைக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டு நேராக்கினான்.

மூணாம் நாள் இன்னும் தொங்குச்சு. காவியைக் குழைச்சான். குழைச்ச கை நின்னுபோச்சு. உக்காந்தான், எழுந்தான், மறுபடி உக்காந்தான். சாமிக்குக் கண்ணு திறக்கிற கை இது. மூணு நாளும் ஒரே இடத்துலயா தப்பும்?

மூணு பலகையையும் அள்ளிக்கிட்டு ஏரிக்காவல் வெள்ளையன் வீட்டுக்கு ஓடினான். அங்க நாலு பேரு தாயம் ஆடிக்கிட்டு இருந்தாங்க.

"அண்ணே, கரை இறங்குது!"

வெள்ளையன் பலகைகளைப் பாத்தான். "நேத்திப் படத்துல நேராத்தானய்யா இருக்கு?"

ஊர்ல மருதப்பனுக்கு இருந்த சொத்தே கைராசிக்காரன்ங்கிற பேரு ஒண்ணுதான்.

"அது பொய்ண்ணே. தொங்கின கரையை நாந்தான் நேராக்கினேன்."

"அப்ப சாமிக்கு எத்தனை கண்ணு வெச்சிருக்கே?"ன்னு ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க.

மருதப்பன் முதல் பலகையை நகத்தால சுரண்டினான். நேர்க்கோடு உதிர்ந்து, அடியில லேசாத் தொங்கின கோடு தெரிஞ்சுது. ரெண்டாம் பலகையைச் சுரண்டினான், இன்னும் கொஞ்சம் தொங்குச்சு. மூணாவதுல சுரண்ட ஒண்ணுமில்ல.

வெள்ளையன் தாயக்கட்டையைப் போட்டுட்டு எழுந்தான்.

பறை அடிச்சு ஊரைக் கூட்டினாங்க. கரையில கால் வெச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போச்சு, அடியில தண்ணி கசிஞ்சுது. பனந்தடி சாத்தி, வைக்கோல் திணிச்சு, மண்ணைக் கொட்டினாங்க. பொழுது சாயறதுக்குள்ள கசிவு நின்னுச்சு. மேல ஒரு முழம் இன்னும் மண் ஏத்தணும்.

சித்திரக்காரன் பலகையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, நிலைகொள்ளாம இங்கேயும் அங்கேயும் நடந்தான்.

"யோவ் மருதப்பா! படத்துல நேராக்கினது போதும். இங்க வந்து நேராக்கு!"ன்னு வெள்ளையன் கரையிலேருந்து கத்தினான்.

பலகையைப் புல்லுல போட்டுட்டு, மண்கூடையைத் தூக்கிக்கிட்டுப் போனான்.

பழகின இடம்தானேங்கிற நெனப்பை நம்பாதீங்க, இன்னைக்குக் கண்ணு பாத்ததை நம்புங்க.