ஓடை வேண்டாத மினுக்கி

மலைச்சோலையில் ஒரு குறிஞ்சிப் புதர். அதில் மினுக்கி என்ற புதர்த்தவளை இருந்தாள். கட்டைவிரல் அளவுதான் இருப்பாள். வாய் மட்டும் காடு கொள்ளாது.

அவளுக்கு ஒரு பெருமை. மற்றத் தவளைகளின் குஞ்சுகள் தலைப்பிரட்டையாகத் தண்ணீரில் வாலாட்டித் திரிய வேண்டும். புதர்த்தவளைக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஈரச் சருகுக்குள் முட்டையிட்டால் போதும். கையும் காலுமாகக் குட்டித் தவளையே வெளியே வந்துவிடும்.

அவள் முட்டையிடும் நாள் நெருங்கியிருந்தது. அப்போது ஓடையில் வாழும் பாறையன் என்ற தவளை மூச்சிரைக்க வந்தான்.

“தங்கச்சி, கெளம்பு! பக்கத்துச் சரிவுல மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க. ஓடை வத்திப்போச்சு. எம் புள்ளைங்க அத்தனையும் காஞ்சு செத்துருச்சு!”

“ஐயோ பாவம்! ஆனா எனக்கு என்னண்ணே அதுல? எம் புள்ளைங்களுக்குத்தான் ஓடையே வேண்டாமே!”

“ஓடைக்குத் தண்ணி குடுத்த மரந்தானே ஒன் சருகுக்கும் ஈரம் குடுக்குது? மலைக்கு அந்தப் பக்கம் சோலை இருக்கு. முட்டை போட்டுட்டா ஒன்னால நகர முடியாது. இப்பவே வா!”

“உன் கவலைய என் தலையில கட்டாதே!” என்று சிரித்தாள் மினுக்கி. பாறையன் அழுதுகொண்டே தனியாகப் போனான்.

அவள் முட்டையிட்டாள். கொஞ்ச நாளில் கோடரி இந்தச் சரிவுக்கும் வந்தது. சுற்றியிருந்த மரங்களெல்லாம் சாய்ந்தன. புதர் யார் வழியிலும் இல்லாததால் அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

“பாத்தியா! என் புதர்ல ஒரு எலகூட உதிரல!” என்று துள்ளினாள் மினுக்கி. கேட்கத்தான் யாரும் இல்லை.

மரம் போனபின் மூடுபனி தங்கவில்லை. வெயில் நேரே சருகில் இறங்கியது. முட்டைகள் சுருங்கத் தொடங்கின. உள்ளே குஞ்சுகள் வளர்ந்து கருங்கண் தெரிந்தது, கால்கள் அசைந்தன. மினுக்கி தன் உடம்பு ஈரத்தையெல்லாம் அவற்றின்மேல் விட்டாள். போதவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீராவது மிஞ்சியிருக்காதா என்று ஓடினாள். எங்கே? அதே ஓடைக்குத்தான்!

ஓடையில் சுடுகிற கற்கள்தான் இருந்தன. அவற்றின் இடுக்கில் பாறையனின் பிள்ளைகள் கருவாடாய்க் கிடந்தார்கள். மினுக்கி வறண்ட உடம்போடு திரும்பி வந்து சருகை விலக்கினாள். ஒரு காலும் அசையவில்லை.

“பாறையன் அண்ணே!” என்று கதறினாள். அந்தச் சரிவில் பதில் சொல்ல ஒரு தவளைகூட இல்லை.

அண்டை வீட்டை அழித்த கேடு தன் வீட்டுக்கு வராது என்று சிரிப்பவர், அது வந்து நிற்கும்போது தனியாகத்தான் அழ வேண்டியிருக்கும்.