வேலி அதிகாரி சொன்ன நன்றி

இங்கிலாந்து ராஜாவின் ஆட்சியைத் துரத்திவிட்டு அமெரிக்கர்கள் தங்களைத் தாங்களே ஆளத் தொடங்கியிருந்த காலம் அது. ராஜா இல்லாத ஊரில் என்ன கதை என்று கேட்காதீர்கள். மனுஷனும் ஆசையும் இருந்தால் கதை தானாக வந்துவிடும்.

அங்கே ஒரு சிற்றூரில் எலியாப் என்பவர் வேலி அதிகாரியாக இருந்தார். ஒருவருடைய மிருகம் அடுத்தவர் வயலில் மேய்ந்துவிட்டால் அவர்தான் போய்ப் பார்ப்பார். குதிரை தாண்டக்கூடாது, காளை சாய்க்கக்கூடாது, பன்றி நுழையக்கூடாது. அதுதான் நல்ல வேலி. வேலி நல்லதென்றால் மிருகத்துக்காரர் நஷ்டஈடு தர வேண்டும். ஓட்டை வேலி என்றால் ஒன்றும் கிடையாது. எலியாப் சொன்னால் சொன்னதுதான். அத்தனை நல்ல பெயர் அவருக்கு.

அந்தப் பெயரே ஆசையையும் கிளப்பிவிட்டது. தலைநகரத்து மக்கள் சபைக்குப் போக நினைத்தார்.

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால், பண்ணையார் ஹார்ட்வெல்லின் பன்றிகள் ஓபேத் என்ற ஏழை விவசாயியின் சோளத்தைத் தின்று தீர்த்தன. குளிர்காலம் முழுக்க அவன் பிள்ளைகளுக்கு அந்தச் சோளம்தான் சாப்பாடு.

எலியாப் போய்ப் பார்த்தார். ஓபேத்தின் வேலி கல்லு மாதிரி இருந்தது. மழையில் தடமெல்லாம் அழிந்து, இரண்டு நிலத்துக்கும் நடுவில் பண்ணையார் வைத்திருந்த படல் கதவுக்கடியில் மட்டும் ஒரு பன்றிக் குளம்புத்தடம் மிச்சமிருந்தது. பண்ணையாரின் ஆட்கள்தான் படலைத் திறந்துபோட்டிருக்கிறார்கள். ஆனால் பண்ணையார் கை காட்டும் பக்கம்தானே பாதி ஊர் ஓட்டுப் போடும்? எலியாப் அந்தத் தடத்தின் மேல் பூட்ஸ் காலை வைத்து நின்றுகொண்டார்.

"உன் வேலியில கீழ்ச்சட்டம் தரையிலருந்து தூக்கலா இருக்கு. பன்றி நுழையத்தான் செய்யும்" என்றார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் ஐயா. என் சோம்பல் என் பிள்ளைங்க வயித்துல அடிச்சிருச்சு" என்றான் ஓபேத். அன்றைக்கே கீழ்ச்சட்டங்களைப் பிடுங்கி மறுபடி அடித்தான்.

தேர்தல் நாளும் வந்தது. அந்தப் பக்கத்தில் அப்போது ஓட்டுச்சீட்டும் பெட்டியும் கிடையாது. ஒவ்வொருவரும் ஊர்க்கூட்டத்துக்கு முன்னால் வந்து, தனக்குப் பிடித்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்குரியவர் எழுந்து, தலைவணங்கி, நன்றி சொல்ல வேண்டும்.

பண்ணையார் சொன்னார், எலியாப் எழுந்து நன்றி சொன்னார். பண்ணையாரின் ஆட்கள் சொன்னார்கள், நன்றி சொன்னார். பிறகு ஓபேத் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இவன் என்னைத் திட்டட்டும் கடவுளே என்று எலியாப் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

"எலியாப் ஐயாவுக்குத்தான் என் ஓட்டு. என் தப்பை என் முகத்துக்கு நேரா சொன்ன மனுஷர். இவரை நம்பலாம்" என்றான் ஓபேத்.

எலியாப் எழுந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ஊரே காத்திருந்தது. பாவி மனுஷன், "நன்றி" என்றுதான் சொன்னார்.

ஜெயித்தார். பல வருஷம் சபையில் உட்கார்ந்தார். "உங்களை நம்புகிறோம்" என்று யாராவது சொன்னால் போதும், அவர் முகம் தொங்கிப்போகும். ஓபேத் அந்தக் குளிர்காலத்திலேயே நிலத்தைப் பண்ணையாருக்கு விற்றுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனான். போகும்போதும் தன் வேலியைத்தான் நொந்துகொண்டான்.

நம்பினவரை ஏமாற்றி ஏறிய நாற்காலியில் யாராலும் தலைநிமிர்ந்து உட்கார முடியாது.